உலகத்தில் இல்லாத மாப்பிள்ளை

என் அறிவின் மீது எனக்கு அளவுகடந்த நம்பிக்கை இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில்தான் சாந்தி அக்காவின் கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டன் பிளேஸ்டோவில் இருந்த பெரியப்பாவின் மகள் அவர். வேல்ஸில் ஒரு டொக்டர் மாப்பிள்ளை பொருந்தி வந்தது. அக்காவுக்கும் அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் விசாரிக்காமல் பெண் கொடுத்தால் நாங்கள் யாழ்ப்பாணத்தவர்களா? (ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று கிணற்றடி வரை போவோம்.) அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மாப்பிள்ளை தந்த விலாசத்தில் ‘பிளின்ட்ஷயர்’ என்றிருந்தது. நான் இருந்த டூட்டிங்கின் நூலகத்தில் புத்தம்புதிய வரைபடப் புத்தகத்தை விரித்து, வேல்ஸ் முழுவதும் விரலால் மேய்ந்தேன். அப்படி ஒரு மாவட்டமே இல்லை!

“பெரியப்பா, அவர் சொல்லுற இடம் உலகத்திலேயே இல்லை. ஆள் கள்ளன்!”

கல்யாணப் பேச்சு நின்றது. அக்கா அறைக்குள் அழுதார். நானோ ஒரு பெண்ணைக் காப்பாற்றிய பெருமையில் இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையே பழைய வரைபடத்தோடு வந்து இறங்கினார்.

“தம்பி, எழுபத்திநாலில அரசாங்கம் அதை ஒழிச்சு, பக்கத்து இடங்களோட சேத்துக் குளூயிட் எண்டு பேர் வைச்சிட்டுது. சனம் இன்னும் பழைய பேரைத்தான் எழுதுது. இதுதான் பிளின்ட்ஷயர். தள்ளிக் கிடக்கிற இந்தச் சின்னத் துண்டும் அதுதான். இந்தத் துண்டிலதான் நான் இருக்கிறன்.”

நான் விடவில்லை. “அந்தத் துண்டு ஏன் விலகிக் கிடக்குது?”

“எங்கட யாழ்ப்பாணத் தீவுப்பகுதி மாதிரி நினையுமன். கடலுக்குப் பதிலா நடுவில டென்பிஷயர் மாவட்டம்.”

பெரியப்பா சிரித்துவிட்டார். வீங்கிய கண்களோடு அக்கா வெளியே வந்தார். “டூட்டிங்கில பஸ் மாறத் தெரியாதவன் வேல்ஸை அளக்க வெளிக்கிட்டவன்!” அந்தக் கண்களைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணத்தில் பந்தி முடியும்வரை தண்ணீர் ஊற்றினேன்.

தொண்ணூற்றாறில் பிளின்ட்ஷயர் மீண்டும் மாவட்டமானது. பாவத்தைக் கழுவலாம் என்று தொலைபேசி எடுத்தேன்.

“அத்தான், உங்கட மாவட்டம் திரும்பி வந்திட்டுதாம்!”

“ஓம் தம்பி. ஆனா எங்கட துண்டைப் பக்கத்து ரெக்சம் மாவட்டத்தோட சேத்திட்டாங்கள். நாங்கள் இப்பவும் பிளின்ட்ஷயரில இல்லை.”

“அப்ப நான் அண்டைக்குச் சொன்னது...”

அக்கா தொலைபேசியைப் பறித்து வைத்துவிட்டார்.

இன்றும் பொங்கலுக்கு அக்காவிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். உறையின் பின்புறம் அனுப்புநர் விலாசம்: ‘கள்ளன் வீடு, உலகத்தில் இல்லாத இடம், வேல்ஸ்.’