நமக்குக் காய்ச்சல், டாக்டர்

நமக்குக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஆண், பெண் இருபாலிலும் காணப்படும். பிள்ளை பெற்ற யாருக்கும் வரலாம். ஒரே பிள்ளை என்றால் தீவிரம் அதிகம். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் இவரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கையில் தடித்த பிளாஸ்டிக் உறை, அதற்குள் பிள்ளை பிறந்ததிலிருந்து எடுத்த எக்ஸ்ரே எல்லாம். இன்னொரு கையில் பிள்ளை. பிள்ளை இவரைவிட உயரமாக வளர்ந்திருக்கும். ஆனாலும் மணிக்கட்டை விடமாட்டார்.

உள்ளே போனதும் மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, “என்னம்மா செய்யுது?” என்பார். பிள்ளை மூச்சிழுத்து வாய் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்துவிடும்.

“நமக்கு ரெண்டு நாளா காய்ச்சல், டாக்டர். நேத்து சாயங்காலம் வாந்தி. காலைல நமக்கு வயிறும் சரியில்ல.”

நம் மொழியில் இதற்கு இரண்டு சொல் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ‘எங்களுக்கு’ என்றால் கேட்கிறவர் அதில் சேர்த்தி இல்லை. ‘நமக்கு’ என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. ஆக, இவர் வாயைத் திறந்த கணத்தில் பிள்ளைக்கும் பெற்றவருக்கும் மட்டுமல்ல, எதிரே ஸ்டெதாஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கும் வயிறு சரியில்லாமல் போய்விடுகிறது. பாவம், அவர் என்ன செய்வார்? மூன்று பேருக்கும் சேர்த்து மருந்து எழுதுவார்.

செவிலியர்களும் இப்படிப் பேசுவதுண்டு. “நாம இப்ப ஊசி போட்டுக்கலாமா?” என்பார்கள். அது தொழில் பேச்சு. விறைத்துக்கொண்டிருக்கும் கை கொஞ்சம் தளர வேண்டுமே என்பதற்காக. ஊசி யாருக்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே கிடையாது. நமக்குக்காரருக்கு உண்மையிலேயே குழப்பம்.

இங்கே நாம் பார்க்கப்போகிறவர் ஓர் அப்பா. பிஸ்கட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். தலையில் வலைத்தொப்பி, கையில் கையுறை, முன்னால் ஓடும் பெல்ட். அதில் போகிற பாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்ப்பார், குலுக்கிப் பார்ப்பார், பிரித்துப் பார்ப்பார். நல்ல வேலைக்காரர், நல்ல மனிதர், மீசை வைத்த மனிதர். அவர் ஒருமுறை பெண் மருத்துவரிடம், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிகுந்த கவலையோடு சொன்னார்: “நமக்கு இந்த மாசம் இன்னும் வரல, டாக்டர்.” மருத்துவர் கீழே விழாத பேனாவைத் தேடி மேசைக்கடியில் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. மகள் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நுரையீரலுக்குள் புகுந்துகொள்ள வழி இருந்தால் புகுந்திருப்பாள்.

இப்படிப்பட்டவர் கையில் மருத்துவமனைக்காரர்கள் ஒரு செயலியைக் கொடுத்தார்கள். பிள்ளையின் பரிசோதனை முடிவு, மருந்து, மருத்துவரின் குறிப்பு எல்லாம் இனி கைபேசியிலேயே பார்க்கலாம். குழந்தையிடம் விசிலைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் சோற்றுக் கரண்டி, இன்னொரு கையில் மகளின் ரத்த அணுக்கள். அத்தோடு நின்றாரா? குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார்: ‘நம்ம ஹீமோகுளோபின் ஏறிடுச்சு!’ சித்திகளும் மாமாக்களும் கைதட்டினார்கள். பெரியப்பா ஒரு பூங்கொத்து அனுப்பினார். அடுத்த மாதம் உறவினர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மாமா குரல் கொடுத்தார்: “ஏம்மா, முதுகுல பருவுக்குப் போட்டாங்களே ஒரு களிம்பு, கேக்குதா?” கூடத்தில் அத்தை பையன்கள் இருந்தார்கள். அவர்களுடைய நண்பர்களும் இருந்தார்கள்.

“நல்லதுக்குத்தானே கேக்குறாரு! நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?” என்றார் அப்பா.

மகளுக்கு அப்போது பதினாறு ஆகவில்லை. ஆனதும் அவளுக்காகச் செயலி பேசியது.

ஒரு காலையில் அப்பா வழக்கம்போல் திறந்தால், பாதித் திரை சாம்பல் நிறம். நடுவே ஒரு பூட்டுப் படம். ‘இந்தப் பகுதியைப் பார்க்க உங்கள் மகளின் ஒப்புதல் தேவை.’ அவருக்கென்று விட்டுவைத்திருந்தது இரண்டே விஷயம்: சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகள், அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி. உடனே உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, உங்க ஆப் கெட்டுப்போச்சு.”

“இல்லைங்க சார், பதினாறு ஆயிட்டா அப்படித்தான் வரும்.”

“நான் பெத்தவன்மா!”

“அதனாலதான் சார் உங்களுக்குத் தடுப்பூசி தெரியுது.”

“தட்டம்மை ஊசி போட்டதை வச்சு நான் என்ன பண்றது?”

“உங்க பொண்ணுகிட்ட கேளுங்க சார். அவங்க சரின்னா அடுத்த நிமிஷமே திறந்துடும்.”

பெண்ணிடம் கேட்பதா? வேறு எந்த யோசனையும் இவ்வளவு விபரீதமாக அவருக்குப் பட்டதில்லை.

இத்தனைக்கும் அந்தச் சமயத்தில் பெண்ணுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை. பரீட்சை என்றால் நெஞ்சு படபடக்கும். வர வர பரீட்சை இல்லாமலே படபடக்கும். தூக்கம் பிடிக்காது. காலையில் ஒரு வாய் உள்ளே போகாது. அவளே வந்து, “டாக்டரைப் பாக்கணும்” என்றாள். பெண் மருத்துவர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் அப்பா பதில் சொன்னார். மருத்துவர் நாற்காலியைத் திருப்பினார்.

“சார், கொஞ்சம் வெளில இருங்க.”

“நமக்குள்ள என்னங்க…”

“உயிருக்கு ஆபத்துன்னு ஏதாவது இருந்தா நானே உங்களைக் கூப்பிடுவேன். இப்ப வெளில இருங்க.”

நோயாளிகளோடு புழங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கூட வந்தவர் தேநீர் குடிக்க எழுந்து போன பிறகுதான் மெய்யான நோய் வாயைத் திறக்கும். அதுவரை தலைவலி, கால்வலி என்று சும்மா பேச்சுக்கு ஏதாவது வந்து போகும். அப்பா வெளியே கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு தடித்த மரம். காதைப் பக்கத்தில் வைத்தும் பார்த்தார். நல்ல மரம்.

“என்ன சொன்னாங்க நமக்கு?” என்றார், படி இறங்கும்போதே.

“தண்ணி நிறைய குடிக்கச் சொன்னாங்கப்பா.”

இதற்குத்தானா இவ்வளவு நேரம்? அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் வாராவாரம் போனாள். போகப்போகக் காலையில் தட்டில் எடுத்துப் போட்டதைச் சாப்பிட்டாள். குளியலறையிலிருந்து பாட்டு கேட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவள் அம்மா இதையெல்லாம் பார்த்தாள். யாருடைய பார்வை எங்கே மங்குகிறது என்று பார்ப்பதுதானே அவள் தொழில். அப்பா பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க அந்தப் பூட்டின் மேல் இருந்தது. பிள்ளை எதிரே உட்கார்ந்து இட்டதைத் தின்றுகொண்டிருக்க, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் கடைக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் பொதுவான டேப்லெட் சோபாவில் கிடந்தது. சமையல் குறிப்பு பார்ப்பதற்காக எடுத்தார் என்று அவரே நம்பினார். பார்த்தால், மகளின் செயலி அதில் திறந்தே இருந்தது. மருத்துவர் குறிப்புப் பகுதிக்குத் தனியாக ரகசிய எண் கேட்டது. ஆனால் மருத்துவருக்குச் செய்தி அனுப்பும் இடம் கேட்கவில்லை. அவருக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மகள் கேட்கிற மாதிரி கேட்டால் மருத்துவர் சொல்லிவிட மாட்டாரா? நாலு முறை அழித்து அழித்து எழுதினார். இளசுகள் போடுவார்களே என்று கடைசியில் ஒரு சிரிப்பு முகமும் போட்டார்.

‘ஹாய் டாக்டர். போன வாரம் நமக்கு என்ன பிரச்சினைன்னு சொன்னீங்க? மறந்துபோச்சு. கொஞ்சம் விவரமா எழுதுங்க.’

மருத்துவரின் பதில் சுருக்கமாக வந்தது: ‘எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, சார்.’

அந்த ‘சார்’ இருக்கிறதே! எந்தப் பதினாறு வயதுப் பெண் தன் நோயை ‘நமக்கு’ என்று சொல்வாள்? திருடப் போனவர் தன் பெயர் அச்சிட்ட அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு வந்த கதை. அந்தப் பதில் டேப்லெட்டுக்கு மட்டும் வரவில்லை. கடையில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தவளின் கைபேசிக்கும் போயிற்று.

வந்தாள். சோப்பை வைத்தாள். மீதிச் சில்லறையை வைத்தாள். கத்துவாள், அழுவாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார் அப்பா. அவள் அறைக்குள் போய்விட்டாள். சற்று நேரத்தில் அவருடைய செயலியில், அவர் பார்க்க அனுமதி உள்ள அந்த இரண்டு இடங்களில் ஒன்றில், அடுத்த வாரத் தேதிக்கு நேரே ஒரு சொல் விழுந்தது: ரத்து.

திங்கட்கிழமை காலை தட்டு அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமையும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, முன்பு அங்கே பாட்டு இருந்ததென்று.

“கண்ணு, ஏண்டா சாப்பிடல? என்ன செய்யுது?”

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நமக்கு ஒண்ணுமில்லப்பா. நாம நல்லாத்தான் இருக்கோம்.”

அவ்வளவுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தன் வாயில் இத்தனை காலம் வெல்லம்போல் கிடந்த சொல் இவ்வளவு கசக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“பாத்தியா, எப்படிப் பேசிட்டுப் போறான்னு?” என்றார் மனைவியிடம்.

அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். “ஏங்க, உங்க கம்பெனியில சீல் சரியா இருக்கான்னு பாக்கெட்டைப் பிரிச்சுப் பாப்பீங்களே, பிரிச்சதை என்ன பண்ணுவீங்க?”

“தனியா போட்டுடுவோம்.”

“கடைக்கு அனுப்ப மாட்டீங்க?”

“அதெப்படி? பிரிச்சாச்சுல்ல, நமுத்துப்போயிடும்.”

“அங்க நூத்துல ஒண்ணைப் பிரிக்கிறீங்க. இங்க இருக்கிறதே ஒண்ணுதான்.” டப்பாவை அவர் கையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். “பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க. வேவு பாக்காதீங்க.”

அன்று பெல்ட்டில் பாக்கெட்டுகள் சும்மா போய்க்கொண்டிருந்தன. அப்பா எதையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் டேப்லெட்டை மகள் முன்னால் கொண்டுபோய் வைத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர்கள் எதையாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து வைப்பார்கள். பார்த்திருப்பீர்கள்.

“இதுல இருந்து உன்னோடதை எடுத்துடும்மா. ரகசிய எண்ணையும் மாத்திக்க. நீ போறதை மட்டும் நிறுத்தாத. எனக்கு… எனக்குப் பயமா இருக்கு.”

மகள் டேப்லெட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“திரும்பி நில்லுங்க.”

“எதுக்குடா?”

“எண் மாத்தப் போறேன்.”

திரும்பி நின்றார். எதிரே குளிர்சாதனப் பெட்டி. அதன் கதவில் ஒட்டியிருந்த பழைய மின்கட்டணக் குறிப்பை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் படித்தார்.

“திரும்பலாமா?”

“இன்னும் இல்ல.”

“இப்ப?”

“அப்பா!”

அவள் குரலில் லேசாகச் சிரிப்பு இருந்ததோ என்று அவருக்குச் சந்தேகம். திரும்பிப் பார்க்க ஆசை. பார்க்கவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குத்தான் தெரியும்.

“அடுத்த வாரம் போறேன்,” என்றாள். “ஆனா நீங்க கதவுகிட்ட உக்காரக் கூடாது. கீழ, வரவேற்புல.”

கீழேதான் உட்கார்ந்தார். மேலே என்ன பேசினார்கள், அவள் நெஞ்சு எதற்காகப் படபடக்கிறது, யாராவது ஏதாவது சொன்னார்களா, எதுவும் அவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. தெரிந்தால் சொல்வேன் என்று நினைத்தீர்களா?

சும்மா உட்கார்ந்திருந்தவரை வரவேற்புப் பெண் கூப்பிட்டாள். இலவசப் பரிசோதனை, கையை நீட்டச் சொன்னாள். நீட்டினார். சர்க்கரை, தொழிற்சாலையில் அவர் சாப்பிடும் நொறுங்கிய பிஸ்கட்டுகளுக்குப் பொருத்தமாகவே இருந்தது. உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, அவர் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தாள்.

“சார், இதை வீட்டுல யார் யார் பாக்கலாம்? மனைவி? மகள்?”

அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“யாரும் வேண்டாம்மா. அவங்க வீணா பயப்படுவாங்க.”

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ‘எங்க வீட்டுல அப்படி இல்ல, என் பிள்ளை என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடும்’ என்று ஒரு நினைப்பு உங்களுக்குள் ஓடியதா? ஓடியிருந்தால் நாடியைப் பிடித்துப் பார்க்கவே வேண்டாம், நோய் முற்றிவிட்டது. மருந்து எளிது. பதினாறு வயதில் உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் வீட்டில் சொல்லாமலே விட்ட விஷயம் ஒன்று இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உடனே முகம் சூடாகிறதல்லவா?

சொல்ல வேண்டாம். யாரும் கேட்கவில்லை.