மூன்று கடைகளும் ஒரு முதலாளியும்

முதலாளி ஆவது என்று முடிவு செய்தேன்.

பாதி ஆயுளை மேலாளராகக் கழித்தவன் நான். அலுவலகத்தில் நான் நுழைந்தால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபின் என்னைக் கண்டு நகர்ந்தது துடைப்பம் ஒன்றுதான். அதுவும் என் காலை நோக்கி. மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவாள், மாலையில் வந்து மறுபடி சமைப்பாள். இடைப்பட்ட நேரத்தில் நான் மும்முரமாக ஓய்வெடுப்பேன்.

ஓய்வுப் பணம் வங்கியில் சும்மா கிடந்தது. உங்களுக்குத் துணையா இருக்கட்டுமே என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஊரெல்லாம் இப்போது ஒரே மாதிரிக் கடைகள். மேசைக்கு யாரும் வந்து பரிமாற மாட்டார்கள். கவுன்டரில் சொன்னால் கண்ணெதிரே செய்து கொடுப்பார்கள், நாமே வாங்கிப் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெயர் கம்பெனியுடையது, பணம் நம்முடையது. இதற்கு ஃபிரான்சைஸ் என்று பெயர். மூன்று கம்பெனிகளை எடுத்துக் கணினியில் பெரிய அட்டவணை போட்டேன். பச்சைக் காய்கறியை வெட்டிக் கிண்ணத்தில் போட்டு விற்கும் கம்பெனியில் முதலீடு குறைவு, விற்பனையில் அவர்களுக்குக் கட்ட வேண்டிய ராயல்டி அதிகம். ரொட்டிக் கம்பெனியில் ராயல்டி குறைவு, ஆனால் கரண்டி முதல் அடுப்பு வரை அவர்களிடமே வாங்க வேண்டும். நூடுல்ஸ் கம்பெனியில் எல்லாமே நியாயமாக இருந்தது. அதனால் சந்தேகமாகவும் இருந்தது.

அட்டவணையில் எழுதாத கணக்கு ஒன்றும் என்னிடம் உண்டு. எந்தக் கடையில் முதலாளிக்குக் கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் கிடைக்கும்? எனக்கு வேண்டியது அதுதான். லாபம் வந்தால் வரட்டும்.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவளோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பெனித் தாள்களில் நான் படிக்காத பொடி எழுத்துகளைக்கூட விடாமல் படித்தாள். சேரும் முன் ஒரு வாரம் கடையில் வேலை செய்து பார்க்கலாமாம், இலவசமாம் என்றாள்.

"முதலாளி எதுக்கு வேலை செய்யணும்?" என்றேன்.

"நாளைக்கு வேலையாள் ஏமாத்தினா உங்களுக்குத் தெரிய வேண்டாமா? மூணு கடையிலயும் இருந்து பாருங்க. எது பிடிக்குதோ அதுல போடுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

பல் பிடுங்க வந்தவர்களிடம் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லும் அதே குரல். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

கிண்ணக் கடையில் என் மகளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி மேற்பார்வையாளர். தொப்பி போட்டுவிட்டுக் கையில் கத்தியைக் கொடுத்தாள். வெள்ளரிக்காய் எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் விழ வேண்டும். வெங்காயத்துக்கு வந்தபோது, "தள்ளி நின்னு அழுங்க சார், கிண்ணத்துல விழுது" என்றாள். முதலாளி எங்கே என்று விசாரித்தேன். என் பக்கத்தில் கேரட் சீவிக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கினார்.

அட்டவணையில் அந்தக் கடையை அடித்தேன். வீட்டில் மனைவி நம்பவில்லை. ஒரே கனமா, உங்களாலயா என்றாள். சும்மா விட முடியுமா? வீட்டில் இருந்த காய் அத்தனையையும் வெட்டிக் காட்டினேன்.

ரொட்டிக் கடையில் தரை. மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடியே துடைத்து வர வேண்டும், இல்லாவிட்டால் நம் கால் தடத்தை நாமே துடைத்துக்கொண்டிருப்போம். அந்த முதலாளி முன்பு வங்கி அதிகாரியாம். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடிக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். மாலையில் மனைவிக்கு அதிலும் சந்தேகம். கூடத்தையும் இரண்டு அறைகளையும் துடைத்து நிரூபித்தேன்.

நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவுவதோடு பணிவும் சொல்லிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்க வேண்டும். அலுவலகத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத நான், நூடுல்ஸ் நீளமாக இருப்பதற்காக ஒருவரிடம் கேட்டேன். இங்கே முதலாளிக்கு நாற்காலி இருந்தது. அதில் ஏறி நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அட்டவணையை அழித்தேன். மூன்று கடையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டுமே. அவமானமாக இருந்தது. என்ன சொல்வாளோ என்ற பயமும் இருந்தது. காய் வெட்டிக் கொடுத்து, தரை துடைத்து, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமல் மெதுவாகச் சொன்னேன்.

"முதலீடு வேண்டாம்னு தோணுது."

அவள் சிரிக்கவில்லை. போனால் போகிறது, பணம் பத்திரமாக இருக்கிறதே என்றாள். இப்படி ஒரு பெருந்தன்மையா என்று எனக்குக் கண் கலங்கியது.

அப்போது அவள் தங்கையிடமிருந்து போன். சகலை அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறாராம், கடை போட்டு முதலாளி ஆகப்போகிறாராம். பாவம் மனிதர், தடுக்கச் சொல் என்று சோப்புக் கையால் ஜாடை காட்டினேன்.

மனைவி என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனில் சொன்னாள்:

"தடுக்காதடி. காய் வெட்டக் கிண்ணக் கடை, வீடு துடைக்க ரொட்டிக் கடை, எதிர்த்துப் பேசாம இருக்க நூடுல்ஸ் கடை. மூணுக்கும் அனுப்பு. கடைசியில அவரே வந்து முதலீடு வேண்டாம்பாரு. அப்ப மட்டும் சிரிச்சுடாதே."