கால் பங்கு ரோடு

“வந்திடுச்சு! சர்க்கார் கடுதாசி வந்திடுச்சு!”

உலகநாதன் உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். முழங்கால் வரை சேறு.

அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு முக்கால் மைல். ஏரித் தண்ணீர் கசிந்து, வருஷத்தில் ஆறு மாதம் அந்தப் பாதை களிமண் குழம்பாகக் கிடக்கும். பட்டணத்தில் அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் உலகநாதனுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது ரயில் தவறும். கீரைக்காரி வேம்புலியம்மாள் கூடையோடு விழுந்து விழுந்து இடுப்பே போயிற்று. போன ஐப்பசியில் பிரசவ வலி கண்ட அவள் மகளை ஏற்றிப்போன வண்டி பாதி வழியில் புதைந்துகொள்ள, பேரன் அந்தச் சேற்றுக்கு நடுவிலேயே பிறந்தான்.

பிறகுதான், அந்த முப்பத்தாறாம் வருஷம், கிராம அபிவிருத்தி ஆபீஸ் நோட்டீஸ் ஒன்று அச்சுக்கு வந்தது. ‘பாதை, கிணறு முதலிய பொதுக் காரியங்களுக்கு மானியம் கோரி மனுச் செய்யலாம்.’ எழுத்துக் கோத்த கையோடு மனுவும் எழுதிப் போட்டுவிட்டான் உலகநாதன்.

கோயில் வாசலில் கூடிய கூட்டத்துக்கு நடுவே இப்போது பதிலைப் படித்தான். ‘தனி நபர் மனு ஏற்கப்படாது. ஊரில் சங்கமும் அதற்கொரு தலைவரும் வேண்டும்.’

“நான் கீறேன்” என்றார் கிழக்குத் தெரு வீரராகவன்.

“அவரு தலைவர்னா நான் இப்பவே ஊட்டுக்குப் போறேன்” என்றார் மேற்குத் தெரு அய்யாசாமி. இருவரும் மாமன் மச்சான். சீர்வரிசைச் சண்டையில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

உலகநாதன் அவசரமாக யோசித்தான். “ரெண்டு பேருமே தலைவருங்கதான்! கிழக்குத் தலைவரு ஒருத்தர், மேற்குத் தலைவரு ஒருத்தர்!”

ஊரே கைதட்டியது. மனு மறுபடி போயிற்று.

இரண்டாவது கடுதாசி பத்தே நாளில் வந்தது. ‘ஊராரின் ஆர்வத்தைக் காட்டும் பொருட்டு, பாதையில் கால் பங்கை முதலில் தாங்களே போட்டுக் காட்டவும். பதினைந்தாம் நாள் நேரில் பார்வையிடப்படும்.’

மறுநாளே ஊர்ப் பக்கமிருந்து வீரராகவன் ஆரம்பித்தார். அது தெரிந்ததும் ஸ்டேஷன் பக்கமிருந்து அய்யாசாமி ஆரம்பித்தார். வண்டி வண்டியாகச் செம்மண் வந்தது, சரளை வந்தது. பெண்கள் கூடை சுமந்தார்கள். யாரோ பம்பையை எடுத்துவந்து அடிக்க, மண்வெட்டிகள் தாளத்தோடு விழுந்தன. ஐந்தாம் நாளே கால் பங்கு முடிந்துவிட்டது.

“போதும்ணா, நிறுத்துங்க! கால் பங்குதான் கேட்டாங்க!”

“அவரை நிறுத்தச் சொல்லு, நான் நிறுத்துறேன்” என்றார் வீரராகவன்.

உலகநாதன் மூச்சிரைக்க மறுமுனைக்கு ஓடினான். “மொதல்ல அவரு நிறுத்தட்டும்” என்றார் அய்யாசாமி.

முழு ரோடும் போட்டுவிட்டால் மானியம் எதற்குத் தருவார்கள்? உலகநாதன் வேகத்தைக் குறைக்க ஒரு வழி செய்தான். “ஆபீசரு வேகத்தைப் பாக்க மாட்டாரு, நேர்த்தியத்தான் பாப்பாரு” என்று இரண்டு பக்கமும் சொல்லிவைத்தான்.

மறுநாள் வீரராகவன் பூந்தமல்லியிலிருந்து கல்லுருளை கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள் அய்யாசாமி அதைவிடப் பெரிய கல்லுருளை கொண்டுவந்தார்.

பதினாலாம் நாள் சாயங்காலம் இரண்டு முனையும் முட்டிக்கொண்டன. நடுவில் ஒரு கூடைச் சரளைக்குத்தான் இடம். மாமனும் மச்சானும் நேருக்கு நேர் நின்றார்கள். பம்பை நின்றது.

“இன்னா மச்சான்... நீ போடு.”

“நீயே போடு மாமே.”

இருவரும் சேர்ந்து கூடையைக் கவிழ்த்தார்கள். எழுந்த விசிலில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்தன.

உலகநாதன் மட்டும் விசிலடிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு போனான். நடுவில் ஒரு இருபது கெஜம் பெயர்த்துவிட்டால் போதும்.

“இன்னா நைனா பண்ற?”

முதல் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வேம்புலியம்மாள். உலகநாதன் விஷயத்தைச் சொன்னான். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ரோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னிக்கித்தான் கால்ல சேறு படாம வந்துகினு கீறேன். மொதல்ல என்னைப் பேத்தெடு, அப்பால ரோட்டைப் பேத்தெடு.”

அவளுக்கு ரயில் தவறியது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உலகநாதன்தான் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

பத்து மணிக்கு அதிகாரியின் மோட்டார் ஒரு குலுக்கலும் இல்லாமல் கோயில் வாசலில் வந்து நின்றது. அதிகாரி ரோட்டில் ஸ்டேஷன் வரை நடந்தார், திரும்பி நடந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு உரக்கப் படித்தபடியே எழுதினார். “பாதை மிக நல்ல நிலையில் உள்ளது. ஆகவே மானியம் அவசியமில்லை.”

“மிக நல்ல நிலை” என்றதுமே ஊர் ஆரவாரம் செய்ய ஆரம்பித்துவிட்டதால், மீதி யார் காதிலும் விழவில்லை. மாமனும் மச்சானும் அதிகாரியை இளநீர் குடிக்க அழைத்துப் போனார்கள்.

உலகநாதன் அவர்களோடு போகவில்லை. மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டிரைவரிடம் போய் நின்றான்.

“எல்லாம் என் தப்பு அண்ணாத்தே. கால் பங்கோட இவங்களை நிறுத்தியிருந்தா மானியம் கெடைச்சிருக்கும்.”

டிரைவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“மானியமா? ஆபீஸ்ல சல்லிக்காசு கெடையாது நைனா. இந்த ரெண்டு கடுதாசிய வெச்சிக்கினே எங்க ஐயா பதினோரு ஊருக்கு ரோடு போட்டுட்டாரு!”