பூசணமும் மேபல் அக்காவின் குளியலும்

செய்த தப்பை ஒப்புக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அதை அடுத்தவர் தலையில் கட்டுவதற்குத்தான் நேரம், உழைப்பு, அறிவு எல்லாம் வேண்டியிருக்கிறது. என்னிடம் இந்த மூன்றும் தாராளமாக இருந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பவன். ஏதாவது உடைந்தால் அதற்கு மூல காரணம் என்ன என்று தோண்டியெடுத்து அறிக்கை எழுத வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று மேலாளரே சொல்லியிருக்கிறார். (அவர் வீட்டுச் சுவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த நல்ல பெயர் இன்னும் இருக்கிறது.)

பிரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம், இன்றும் அங்கேதான் இருக்கிறோம். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தவர் யாருமில்லை. மாடியில் மேபல் அக்கா. ஐம்பத்தைந்து வயது, ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தார். வீட்டு ஓனர் மங்களூரில். மழைக்காலத்தில் அவர் போனை எடுக்கமாட்டார், வெயில் காலத்தில் வாடகையை உயர்த்துவதற்கு அவரே கூப்பிடுவார்.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் படுக்கையறைச் சுவரில் கடுகு தாளித்துத் தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். நான் குடியாத்தத்துக்காரன். எங்கள் ஊர் வெயிலில் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். பூசணம் என்றால் ஊறுகாய் ஜாடியில் வருவது என்று மட்டுமே தெரியும். “தொடச்சா போயிடும்” என்றேன். துடைத்தேன். போயிற்று. ஒரு வாரத்தில் தோசைக்கல் அளவுக்குத் திரும்பி வந்தது.

வினிகர் அடித்தேன். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தேன். கடைசியில் அதன்மேலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்து, “பாரு, எப்படி இருக்கு!” என்று கவிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கவிதா என் மனைவி. அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்து, உள்ளேயிருந்து கறுப்பு எட்டிப் பார்த்தது. என் பெல்ட்டுக்குப் பச்சை நிறத்தில் ரோமம் முளைத்தது. பீரோவைத் திறந்தால் நனைந்த சாக்கு மூட்டையின் வாசனை.

இதெல்லாம் சிரிப்பாகவே இருந்திருக்கும், எங்கள் மகள் அபிக்கு இருமல் வராமல் இருந்திருந்தால். அவளுக்கு அப்போது ஆறு வயது. இருமல் இழுப்பாயிற்று. ஆகஸ்டில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுக்கும்போது அவள் அழவில்லை, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். “வீட்ல ஓதம் இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்றோம். “அதை முதல்ல சரி பண்ணுங்க” என்றார்.

“இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்களாம். கூப்பிடலாங்க” என்றாள் கவிதா.

“காரணம் தெரியாம ஆளைக் கூப்பிட்டு என்ன பண்றது? முதல்ல நான் கண்டுபிடிக்கிறேன்.”

இந்த வாக்கியத்தைக் கவிதா இன்றுவரை அப்படியே, என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.

கண்டுபிடித்தேன். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் குளியலறை. அதற்கு நேர்மேலே மேபல் அக்காவின் குளியலறை. தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும், இதைச் சொல்ல அறிவியல் தேவையில்லை. ஒரு வாரம் காலையில் காது கொடுத்துக் கேட்டு, மாடியில் வாளி நிரம்பும் சத்தம் எத்தனை மணிக்கு வருகிறது என்று லேப்டாப்பில் குறித்துவைத்தேன். (ஒரு பெண்மணி குளிக்கும் நேரத்தை அட்டவணை போட்டவன் நான். இதை எழுதும்போது காது சுடுகிறது.) நான்கு பக்க அறிக்கை, படங்கள், சிவப்பு அம்புக்குறிகள். கலர் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினேன்.

மேபல் அக்கா அப்போதுதான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தார். கஞ்சி போட்ட புடவை கசங்காமல் இருந்தது.

“இன்னா தம்பி, பேப்பர்லாம் எடுத்துனு வந்திருக்க? ஓட்டு கேக்க வந்தியா?”

“இல்லக்கா. எங்க சுவத்துல ஓதம் வருதில்ல, அது உங்க பாத்ரூம் லீக்னாலதான்.”

“என் பாத்ரூமா? வந்து பாரு, தரை எப்டி காஞ்சி கெடக்குதுன்னு.”

“மேல காஞ்சிருக்கும்க்கா. உள்ளுக்குள்ள எறங்குது.”

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார். தன் குளியல் நேரம் அட்டவணையில் இருப்பதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லவில்லை.

“பாப்பாவுக்கு மூச்சு வாங்குதே, அது இதனாலயா?”

நான் “ஆமாக்கா” என்றேன்.

‘இருக்கலாம்’ என்று சொல்லியிருக்கலாம். ‘தெரியவில்லை’ என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னது “ஆமா”.

மேபல் அக்கா தாள்களை மடித்து மேஜைமேல் வைத்தார். பாத்ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தார். “சரிப்பா. பிளம்பர் வந்து பாக்குற வரைக்கும் நான் இங்க தண்ணி ஊத்தல. என் தங்கச்சி வூட்ல போய் குளிச்சிக்கிறேன். கொழந்த மொதல்ல நல்லா ஆவட்டும்.”

பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்றார். அடுத்த நாளும் நாளைக்கு என்றார். மேபல் அக்கா தினமும் விடிந்ததும் மாற்றுப் புடவையை பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்தபடி மூன்று தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் போவார். கேபிள் போடுவதற்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, புடவையைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை இல்லாமல் சேற்றில் அடி அடியாக வைத்துப் போவார். நான் சமையலறை ஜன்னலில் காபியோடு நின்று அதைப் பார்ப்பேன். எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. என் அறிக்கை வேலை செய்கிறது என்று திருப்தியாக இருந்தது.

இப்படிப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டாம் நாள் காலை அவர் அந்தக் குழியோரம் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. கவிதாதான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு ஆபீசில் போன் வந்தது. அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியதை இதுவரை கவிதாவிடம்கூடச் சொன்னதில்லை. மாவுக்கட்டை நனைக்கக்கூடாது, அதனால் மேலே குளியல் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போகும் என்று தோன்றியது. அப்படிப்பட்ட ஒரு ஆள் அன்று ஐந்தாவது மாடியில் குளுகுளு அறையில் உட்கார்ந்து அடுத்தவர் பிழையைத் தேடிக்கொண்டிருந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பன்னிரண்டு நாளில் கறுப்பு குறையவில்லை. கட்டிலின் தலைமாட்டைத் தாண்டிப் போயிருந்தது. அபிக்கு மறுபடியும் இழுக்க ஆரம்பித்தது. கவிதா என்னிடம் கேட்கவில்லை. அவளே போன் செய்து மறுநாளே பூசணம் எடுக்கும் ஆளை வரவழைத்துவிட்டாள்.

வந்தவர் பெயர் லோகேஷ். பொம்மனஹள்ளிக்காரர், நாற்பது வயதிருக்கும். அப்பா காலத்தில் தர்மபுரியிலிருந்து வந்த குடும்பம். போனில் கன்னடத்தில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தவர், படுக்கையறை வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார். போனை வைத்துவிட்டு, “மேடம், பாப்பாவை இங்க வெக்காதீங்க. சொரண்டும்போது தூள் பறக்கும். நாலஞ்சு நாளைக்கு வேற எங்கயாவது வெச்சிக்கங்க” என்றார்.

வேறு எங்கே? கையில் கட்டோடு மேபல் அக்காவே மாடிப்படியில் இறங்கி வந்து, “மேல அனுப்பு கவிதா. நீயும் வந்து படுத்துக்க” என்று அபியின் பையை இடது கையில் வாங்கிக்கொண்டு போனார்.

நான் லோகேஷிடம் என் அறிக்கையின் இன்னொரு பிரதியைக் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் புரட்டினார்.

“சூப்பரா பண்ணிருக்கீங்க சார். கலர் பிரின்ட்டா?”

“ஆமா.”

“நல்லாருக்குது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளை உடையையும் மூக்கை மூடும் பெரிய முகமூடியையும் மாட்டிக்கொண்டார். வாசலை பிளாஸ்டிக் ஷீட்டால் மறைத்தார். எனக்கும் ஒரு முகமூடி கொடுத்தார். ஈரம் பார்க்கும் கருவி ஒன்று வைத்திருந்தார். முனையில் இரண்டு ஊசி. சுவரில் குத்தினால் ஈரத்துக்குத் தக்கபடி கத்தும்.

அவர் முதலில் செய்தது, ஏணி போட்டு ஏறி மேற்கூரையில் அதைக் குத்தியதுதான். கருவி வாயைத் திறக்கவில்லை. இன்னும் நான்கு இடத்தில் குத்தினார். நிசப்தம்.

“சீலிங் எலும்பு மாதிரி காஞ்சி கெடக்குது சார். மேல இருந்து வந்தா இதுதான் மொதல்ல நனையணும்.”

இரண்டு மாதத்துக்கும் மேலாக அந்தச் சுவரைப் பார்த்தவன் நான். ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

அவர் சுவரில் மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வந்தார். தோள் உயரத்தில் முனகியது. இடுப்பு உயரத்தில், அபியின் கதைப் புத்தகங்களுக்காக நான் மாட்டியிருந்த மர அலமாரிக்குப் பக்கத்தில், ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது.

“இந்த ஷெல்ஃப் யார் சார் போட்டது?”

“நான்தான். மார்ச்ல.”

“இதுக்கு அந்தப் பக்கம் உங்க பாத்ரூம். கெய்சருக்குப் போற பைப் இப்படித்தான் போவுது.” கையால் சுவரில் ஒரு கோடு இழுத்தார். கோடு என் மூன்றாவது ஸ்க்ரூவின்மேல் போய் நின்றது.

அலமாரியை எடுத்துவிட்டு அந்த ஸ்க்ரூவைத் திருகினார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், சுவரிலிருந்து ஊசி மாதிரி தண்ணீர் பீய்ச்சி என் நெஞ்சில் அடித்தது. கையிலிருந்த நான்கு பக்கமும் நனைந்தது. சிவப்பு அம்புக்குறிகள் கரைந்து சட்டையில் ஒழுகின. லோகேஷ் ஓடிப்போய் வால்வை மூடிவிட்டு வந்தார். ஸ்க்ரூ பைப்பைத் துளைத்து, அடைப்பாகவும் நின்றிருக்கிறது. அதனால்தான் ஒழுகாமல் மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது.

“நெறைய பேர் பண்றதுதான் சார்” என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது.

அந்தத் துளையைப் போட்ட டிரில்லிங் மெஷின் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அது மேபல் அக்காவின் கணவருடையது. மார்ச்சில் நான் கேட்டபோது, துணியில் சுற்றி வைத்திருந்ததைத் தேடியெடுத்து, “பாப்பாவுக்குத்தானே, எடுத்துக்க” என்று கொடுத்திருந்தார்.

கவிதா என் சட்டையைப் பார்த்தாள். லோகேஷிடம் விசாரித்தாள். பிறகு மாடிப்படியைக் காட்டி, “போய்ச் சொல்லுங்க” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மாடிக் கதவு திறந்தே இருந்தது. மேபல் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில். பின்னால் முக்காலிமேல் நின்றுகொண்டு அபி அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பின்னல் போட முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அக்கா, லீக் உங்க பாத்ரூம்ல இல்ல.”

“பின்ன?”

“எங்க சுவத்துலதான். நான் ஷெல்ஃப் மாட்டினப்போ ஸ்க்ரூ பைப்புக்குள்ள போயிடுச்சி. அதான் இவ்வளவு நாளும்.”

“ஷெல்ஃபா? அவரு மிஷின்லயா?”

“ஆமாக்கா.”

அபி சீப்பை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கத்துவார், அறிக்கையை என் முகத்தில் எறிவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் படி ஏறியிருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. மேபல் அக்கா தன் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு மிகவும் சாதாரணமாக, பரீட்சை முடிந்ததா என்று டீச்சரிடம் கேட்கும் பிள்ளை மாதிரி கேட்டார்.

“அப்போ நான் இன்னிக்கி குளிக்கலாமா தம்பி?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். தயாராக வைத்திருந்த பதில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. “குளிங்கக்கா” என்றேன்.

கவிதா மேலே வந்து, கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி, அவரை உள்ளே அழைத்துப்போனாள். நான் ஈரச்சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்று நாளுக்குப் பிறகு மேலே வாளி நிரம்பும் சத்தம் கேட்டது.

லோகேஷ் பூச்சைச் செங்கல் தெரியும்வரை சுரண்டியெடுத்தார். பைப்பை மாற்றச் சொன்னார், மருந்து அடித்தார். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைக் கதவடைத்து ஓடவிட்டார். அது தினமும் ஒரு வாளி தண்ணீரைக் கக்கியது. நாங்கள் அதைத்தான் சுவாசித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அபிக்கு இழுப்பு மெல்ல விட்டது. பனிக்காலத்தில் மட்டும் இன்ஹேலர் பையிலிருக்கும்.

மேபல் அக்கா என்னை எப்போது மன்னித்தார், மன்னித்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்த உறவினர்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்து, குளியல் நேர அட்டவணை உட்பட முழுக்கதையையும் சொன்னார். (பார்த்திருக்கிறார்!) நான் கேக் தட்டோடு நடுவில் நின்றேன். அன்று சிரித்தவர்கள் மூலம் அது எங்கெங்கோ போய்விட்டது. குடியாத்தத்திலிருந்து மாமனார் போன் செய்தால், “மாப்ள, குளிக்கப் போறேன், பரவால்லையா?” என்றுதான் ஆரம்பிக்கிறார். அபி துண்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் நின்று அனுமதி கேட்கிறாள். கடைக்காரர்வரை தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குக் கிளம்புமுன் மேபல் அக்கா பால்கனிக்கு வருவார். தெருவே கேட்கும்படி, “தம்பி, குளிக்கலாமா?” என்பார். நான் வாசலில் நின்று, “குளிங்கக்கா” என்று கத்துவேன். எதிர்வீட்டில் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். மணிக்கட்டு எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. சிரித்து முடித்ததும் அவர் திரும்பி, பால்கனிக் கதவை இடது கையால் இழுத்துச் சாத்துகிறார்.