விசேஷம் மாமா

அந்தமானில், எங்கள் ஜங்லிகாட்டில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், தான் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று நம்பிய ஒரே பிரம்மச்சாரி விசேஷம் மாமாதான்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் என் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை ஸ்டூலில்தான் இருப்பார். ஜோடியாக யார் வந்தாலும், "ஏதும் விசேஷம் உண்டா?" என்பார். பிளக் மாற்ற வந்தவர்கள் மாற்றாமலே போவார்கள். என் பெண் கல்யாணமாகிப் போன பிறகும் என்னை விட்டதில்லை. "ஒத்தப் பொண்ணோட நிறுத்திட்டியே, சண்டை போடவாவது இன்னொண்ணு வேணாமா?" எனக்கு எதிர்த்துப் பேச வராது. இறுகியிருக்கும் நட்டையே மறுபடி இறுக்குவேன்.

மாடியில் குடியிருக்கும் கவிதா, நர்ஸ். கணவன் கப்பலில் வேலை. பாதி நாள் வேறு தீவில் இருப்பான். பிரசவத்துக்கு வந்த அம்மா மெயின்லேண்டுக்கே திரும்பிவிட்டார். ஒரு காலை, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவும் சொல்லாமல் நின்றுவிட்டாள். கவிதாவுக்கு லீவு தீர்ந்திருந்தது. அன்று போகாவிட்டால் வேலை போய்விடும். இடுப்பில் பையனோடு அழாத குறையாக இறங்கி வந்தாள்.

மாமா நிமிர்ந்தார். "என்னம்மா, அடுத்த விசேஷம் எப்ப?"

என் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது.

"இந்த ஒண்ணப் பாத்துக்கவே ஆளில்ல மாமா. வேலைய விட்டா வாடகைக்கு எங்க போவேன்? இன்னொண்ணு பெத்தா நீங்க வளப்பீங்களா?"

"அரே, தாராளமா."

"அப்ப மொதல்ல இவன வச்சுக்குங்க." பையனை அவர் மடியில் உட்கார்த்திவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாள்.

எங்கள் தீவுப் பிள்ளைகள் எல்லோரையும்போல அவனுக்கும் இந்திதான் முதலில் வரும். "நானா, கோடா பனோ" என்றான். தாத்தா குதிரையாக வேண்டுமாம். மாமா நாலு காலில் கடையைச் சுற்றினார். இறங்கிய பையன் அவருடைய வெற்றிலைப் பெட்டியில் கிரீஸ் அடைத்தான். கஸ்டமர் ஹெல்மெட்டில் மூத்திரம் போனான். நான்தான் கழுவினேன்.

"மெக்கானிக்கு, இவன் எப்பத் தூங்குவான்?"

"எனக்கென்ன தெரியும்? எம் பொண்ண என் வீட்டுக்காரிதான பாத்தா."

"அவளக் கூப்பிடு."

"அவளும் வேலைக்குப் போயிருக்கா."

மாமா என்னை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சாயங்காலம் கவிதா வந்தபோது, தரையில் மல்லாந்து கிடந்த மாமாவின் வயிற்றில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அடுத்தது எப்பன்னு கேட்டீங்களே மாமா?"

"சத்தம் போடாத. முழிச்சுக்குவான்."

இனி மாமா இந்தப் பக்கமே வரமாட்டார் என்று மறுநாள் நிம்மதியாகக் கடை திறக்க வந்தேன். முட்டியில் துணி சுற்றிக்கொண்டு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மாடியைப் பார்த்து, "கவிதா, இன்னிக்கு என்ன டியூட்டிம்மா?" என்றார். அவள் வேலை தப்பியது. என் கடைதான் குதிரை லாயம் ஆயிற்று.

போன வாரம், கல்யாணமான என் பெண் கடைக்கு வந்திருந்தாள். ஒரு கஸ்டமர் அவளிடம், "ஏதும் விசேஷம்..." என்று தொடங்கினார். மாமா பாய்ந்தார். "அது வேலைக்குப் போற பொண்ணு. நீ வந்து புள்ளயப் பாத்துப்பியா?" கஸ்டமர் மீதிச் சில்லறை வாங்காமலே வண்டியை எடுத்தார்.

பெண்ணும் போன பிறகு என் காதருகே குனிந்தார். "ஒருவேள விசேஷம்னு வந்தா எங்கிட்டச் சொல்லு. முட்டி இன்னும் ஒண்ணத் தாங்கும்."

அவர் ஸ்டூலின் ஆடுகிற காலை இறுக்கி வைத்தேன்.