லிஃப்ட்டுக்காக ஓர் அரசியல் நிர்ணய சபை

பாலிகஞ்சில் எங்கள் கட்டடத்துக்கு ஐந்து மாடி, பன்னிரண்டு வீடு, ஓர் அரசியல் சாசனம். மழை வந்தால் வீடுகள் ஒழுகும். சாசனம் ஒழுகாது.

மஹாளய அமாவாசைக்கு மறுநாள் லிஃப்ட் நின்றது. ஐந்தாம் மாடியில் என் மனைவி ராஜலக்ஷ்மி, முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறாவது வாரம். படி ஏறவோ இறங்கவோ கூடாது என்று டாக்டர் உத்தரவு.

"அஷ்டமியன்னிக்கு நான் துர்கா பூஜைப் பந்தல் பார்த்தாகணும். ஆறு வாரமா ஜன்னலையும் உங்க மூஞ்சியையும்தான் பார்த்துண்டிருக்கேன்" என்றாள்.

வந்த மெக்கானிக் அரை மணி வேலை என்றான். கட்டடச் சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் மட்டும் வேண்டுமாம். செயலாளர் நான்தான். பெயர் பட்டாபி. துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன். விதி பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை.

சாசனத்தைப் புரட்டினேன். அறுபத்து நாலில் எழுதியது. அப்போது லிஃப்ட் இல்லை. பிறகு வந்ததை யாரும் அதில் சேர்க்கவில்லை. ஆக, சட்டப்படி எங்கள் கட்டடத்தில் லிஃப்ட்டே கிடையாது. கிடையாத ஒன்றைப் பழுது பார்க்க நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

கீழ்த்தளத்தில் இருக்கும் தலைவர் மஹாதேவனிடம் போனேன். டெல்லியில் பெரிய பதவியில் இருந்தவர்.

"சாசனத்தைத் திருத்தணும் பட்டாபி. அரசியல் நிர்ணய சபையைக் கூட்டும்" என்றார்.

அவர் ஹாலில் முன்னோட்டக் கூட்டம் தொடங்கியது. 'இக்கட்டடத்தின் மக்களாகிய நாங்கள்' என்று முகவுரையைப் படித்ததுமே எதிர்வீட்டுச் சௌந்தரராஜன் எழுந்தார்.

"வாடகைக்கு இருக்கறவாளும் மக்களா?"

இதற்கு மூன்று நாள் ஆயிற்று. லிஃப்ட் என்பது அறையா, வாகனமா என்பதற்கு இன்னும் இரண்டு நாள்.

வோட்டு எடுக்கும் சபை மொட்டைமாடியில்தான் கூட வேண்டும், குறைந்தது எட்டு வீட்டுக்காரர்கள் நேரில் இருந்தால்தான் கோரம் என்பது விதி. நாலு வீட்டுக்காரர்கள் பூஜா லீவுக்குப் பூரிக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் சரியாக எட்டு. அதில் மஹாதேவன், சௌந்தரராஜன் உட்பட நாலு பேருக்கு எண்பது தாண்டிவிட்டது, படி ஏற முடியாது. எட்டாவது வோட்டு ராஜலக்ஷ்மியுடையது. வீடு அவள் பேரில். எனக்கு வோட்டு கிடையாது.

"கீழேயே கூடினால் என்ன?" என்றேன்.

"அதுக்கும் திருத்தம் வேணுமே. மொட்டைமாடியில கூடித்தான் பண்ண முடியும்" என்றார் மஹாதேவன்.

அஷ்டமி காலை, தெருமுனைப் பூஜா கிளப்பிலிருந்து தடித்தடியாக நாலு பேரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். பந்தல் நாற்காலியில் உட்கார்த்தி, நாலு பெரியவர்களையும் ஒவ்வொருவராகத் தூக்கி மேலே சேர்த்தார்கள். மற்ற மூவர் நடந்தே வந்தார்கள். கடைசியாக ராஜலக்ஷ்மி. பட்டுப் புடவை கட்டித் தயாராக வாசலில் நின்றாள்.

"திரும்பிப் போறச்சே நாற்காலி காலியாத்தானே போறது?" என்று தூக்க வந்தவர்களைப் பெங்காலியில் கேட்டாள்.

"ஆமாம் மாஷிமா."

"அப்போ மேலே வேண்டாம். கீழே தூக்குங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ராஜி! நீ போனா ஏழு பேர்தான், கோரம் இருக்காது!"

"ஏழு பேரும் சேர்ந்து நன்னா நிர்ணயம் பண்ணுங்கோ" என்று கையாட்டிக்கொண்டே இறங்கிப் போனாள். என்ன சிரிப்பு அந்த முகத்தில்! கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

மேலே போய்ச் சபைக்கு அறிவித்தேன். மஹாதேவன் தொண்டையைச் செருமினார். "கோரம் இல்லாதபடியால் சபை ஒத்திவைக்கப்படுகிறது. எல்லாரும் போகலாம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"போகலாம் சரி, எப்படிப் போறது? தூக்கறவா எங்கே?" என்றார் சௌந்தரராஜன்.

ராஜலக்ஷ்மிக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"இங்கே அவாதான் கிச்சுரிப் பிரசாதம் பரிமாறிண்டிருக்கா. சாயந்தரம்தான் வருவாளாம். உங்க காலுக்கு என்ன வந்தது? இறங்கி வாங்கோளேன், பக்கத்துல இடம் போட்டு வச்சிருக்கேன்."

படிக்கட்டைப் பார்த்தேன். அதற்குள் மஹாதேவன் எழுந்து நின்று, கீழே இறங்கும் வழிமுறைகளை ஆராய ஒரு குழு அமைக்கலாம் என்றார். ஏழு கைகளும் ஒரே சமயத்தில் உயர்ந்தன. அத்தனை நாளில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். கோரம் இல்லாத சபை தீர்மானம் போடலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"குழுவுக்கு ஒரு செயலாளர் வேணுமே?" என்றார் மஹாதேவன்.

நான் போனை அணைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.