உறைக்குள் இருந்த ஆறாவது ஆள்

இந்தத் தடவை கொலைகாரன் யாரென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று மர்மம் சார் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. யாராலும் என்றால் ஊர் உலகத்தால் என்று அர்த்தமில்லை. பெண்டாட்டியால்.

அலுவலகத்தில் அவர் பழைய கோப்புகளைக் கட்டிக் காக்கும் பதிவறை எழுத்தர். தெருவுக்கு அவர் மர்மம் சார். அதுவரை இரண்டு துப்பறியும் நாவல் எழுதியிருந்தார். இரண்டும் பதிப்பகத்துக்குப் போய், போன வேகத்தில் வீடு வந்து சேர்ந்தன. இரண்டாவதோடு பதிப்பாசிரியர் ஒரு சீட்டும் வைத்திருந்தார்: 'ஐயா, உங்கள் கொலைகாரன் மூன்றாம் பக்கத்திலேயே வாசகனைப் பார்த்துக் கையசைக்கிறான். இன்னும் ஒரே ஒரு கதை அனுப்புங்கள். அதிலும் இப்படியென்றால் நிறுத்திக்கொள்வோம்.' அன்றைக்கு மனிதர் சாப்பிடவில்லை. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளே நொறுங்கிப்போயிருந்தார்.

இத்தனைக்கும் படிப்பில் குறை வைத்தவர் இல்லை. வீட்டின் சின்ன அறை முழுக்க அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல்கள். எல்லாம் பழைய பேப்பர் கடையில் பொறுக்கியவை. பாதிக்கு மேல் அட்டை இருக்காது, முக்கால்வாசிக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. முந்நூறு பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்துவிட்டு, செய்தவன் எவன் என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வார். அப்புறம் வேறு வழியில்லாமல் கூடத்துக்கு வந்து, தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் கதையை ஒப்பிப்பார்.

"பியானோ வாத்தியார்தாங்க," என்பாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

"எப்படிச் சொல்றே?"

"மழைல நடந்து வந்தேங்கறான், குடை காஞ்சு கிடக்கு. நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?"

படித்துக் காட்டியவருக்கு அது உறைத்திருக்காது. இந்த அவமானத்துக்கும் சேர்த்துத்தான் அந்தச் சபதம்.

"இந்தா, இங்க பாரு. நான் புதுசா எழுதற கதையில கொலைகாரன் யாருன்னு நீ கண்டுபிடிச்சுட்டா, கேட்டதைத் தரேன்."

"சின்ன ரூம்."

யோசிக்கக்கூட இல்லை. அவளையும் குறை சொல்ல முடியாது. தெருவில் பாதிப் பேருக்குத் தைப்பவள் அவள். கூடத்து நாற்காலியெல்லாம் வெட்டிய துணி. விருந்தாளி வந்தால் யாருடைய கைப்பகுதி மேலாவது உட்கார்ந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

"ரூமா? என் புத்தகமெல்லாம்?"

"கட்டிலுக்கு அடியில. நான் தோத்துட்டா, மிஷின் காலத்துக்கும் கூடத்துலயே இருக்கட்டும், வாயைத் திறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. நடுவுல ஆளை மாத்தக் கூடாது."

"எழுத்தாளன் வாக்கு!" என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.

முதல் இரண்டு அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார். பங்களாவில் பணக்காரர் கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடக்கிறார். அன்றைக்கு வந்து போனவர்கள் ஆறு பேர்: டாக்டர், வக்கீல், அண்ணன் மகன், சமையல்காரர், டிரைவர், சட்டைக்கு அளவெடுக்க வந்த தையல்கார அம்மா. கடைசி ஆளைச் சேர்த்தது மனைவி மனம் குளிரட்டுமே என்றுதான். போனால் போகிறதென்று ஒரு வரி வசனமும் கொடுத்திருந்தார்.

அவள் ஒரு தாளில் கொலைகாரன் யாரென்று எழுதி, தேதியும் குறித்து, உறையில் போட்டு ஒட்டி, எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் ஒப்படைத்தாள். நியாயஸ்தர். இருமல் மருந்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டார்.

அன்று மாலையே அவள் சொன்னாள்: "அந்த டாக்டர் முழியே சரியில்லைங்க."

மர்மம் சார் எழுதி வைத்திருந்த கொலைகாரன் யார்? டாக்டர்தான். முந்தைய இரண்டு கதையிலும் டாக்டர்தான். இனிப்பைத் தொடக் கூடாது என்று ஒரு டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் கதையில் டாக்டர் எவரும் உருப்பட்டதில்லை.

கதவைச் சாத்திக்கொண்டார். முதலிலேயே எழுதி வைத்திருந்த கடைசி அத்தியாயத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். வாக்காவது மண்ணாவது. உறைக்குள் டாக்டர் என்றால், இனி வக்கீல்!

அடுத்த ஞாயிறு அவள் சொன்னாள்: "எனக்கென்னவோ வக்கீல் மேலதாங்க சந்தேகம்."

"அப்ப கவர்ல டாக்டர்னு எழுதலையா?"

"கவரைப் பத்தி உங்களுக்கென்ன கவலை? நீங்கதான் ஆளை மாத்தப் போறதில்லையே?"

அவர் அறைக்குள் போனார். வக்கீல் தப்பித்தார், அண்ணன் மகன் மாட்டினான். அதற்கடுத்த ஞாயிறு அவள் அண்ணன் மகனைச் சொன்னாள். பிறகு சமையல்காரரை. பிறகு டிரைவரை. குப்பைக்கூடை நிரம்பியது, பங்களா காலியானது. ஆறு பேரில் மிச்சம் தையல்கார அம்மா ஒருத்திதான். அவளை வைத்து எப்படிக் கொலை செய்வது? தலையைச் சொறிந்தபடி கூடத்துக்கு வந்தார்.

"சும்மா கேக்கறேன். அளவெடுக்கறப்ப யாராவது உன்னைக் கவனிப்பாங்களா?"

"எங்களை யாருங்க பாக்கறாங்க? நாடாவைப் போட்டா கழுத்தை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டாங்க."

அவர் அறைக்குள் ஓடினார். ஒரே மூச்சில் எழுதி முடித்து அனுப்பினார்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது: 'கடைசிப் பக்கம் வரை என்னால் யூகிக்க முடியவில்லை. அளவு நாடா! எப்படி ஐயா பிடித்தீர்கள்? அச்சுக்குப் போகிறது.' மர்மம் சார் அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கலாம். விதி விடவில்லை. எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார்! அந்த உறையோட வாங்க! இங்க ஒருத்தருக்கு இன்னிக்குக் கர்வபங்கம்!"

மருந்துக்கடைக்காரர் வந்தார். கிழித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"தையல்கார அம்மா."

"அதெப்படி? இவ எழுதினப்ப கொலைகாரன் டாக்..." மர்மம் சார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யாரு?"

"யாருமில்லை சார்."

அவள் மிஷின் மேஜையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தாள். துணி வெட்டுவதற்கு மாதிரியாக வைத்துக்கொள்ளும் காகிதங்கள். கைப்பகுதி வடிவத்தில் டாக்டரின் வாக்குமூலம் இருந்தது. காலர் வடிவத்தில் வக்கீல். அண்ணன் மகன் இரண்டு பாக்கெட்டாகியிருந்தான்.

"குப்பைக்கூடைல நல்ல தடிப் பேப்பரா கிடைச்சுது அண்ணே. வீணாக்குவானேன்னு எடுத்துக்கிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் நியாயஸ்தர் மட்டுமில்லை, விவரமானவர். கடையைப் பார்க்க வேண்டும் என்று நழுவிவிட்டார்.

மர்மம் சார் யாருடைய கைப்பகுதி மேலோ உட்கார்ந்தார். "எப்படிடீ?"

"நான் கிழக்கேன்னா நீங்க மேற்கேன்னுதானே போவீங்க? இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். அஞ்சு பேரைச் சொன்னேன், ஆறாவது ஆளைச் சொல்லலை. அவ்வளவுதான்." குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா கதை நெஜமாவே நல்லா வந்திருக்குங்க. நீங்க வாக்குத் தவறினது ஒரு வகைல நல்லதாப் போச்சு."

அவருக்கு ஒரே ஒரு நப்பாசை. எழுதிய தேதியில் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ? தன் துப்பறிவாளனைப் போலவே அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பியும் பார்த்தார்.

பின்பக்கத்தில், அதே தேதியில், சின்ன அறை சன்னலுக்குத் திரை தைக்க அளவு எழுதியிருந்தது.